சிறகா, பாராகிளைடரா?

2023-இல் வந்த ‘செல்டா: டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ வீடியோ விளையாட்டில் காற்றில் மிதக்க உதவும் இரண்டு வழிகளைப் பார்ப்போம்.

பாராகிளைடர், அதாவது கையில் பிடித்து மிதக்கும் துணி விரிப்பு, ஒருமுறை கிடைத்தால் போதும், கடைசிவரை நம்முடையது. தொடக்க வான்தீவிலிருந்து தரைக்கு இறங்கிய பிறகு, லுக்அவுட் லேண்டிங் என்ற முகாமில் விஞ்ஞானி பூராதான் இதைத் தருகிறாள். விரித்திருக்கும் நேரமெல்லாம் ஸ்டாமினா (உடல் தெம்பு) காட்டும் வட்டம் கரையும். அது தீர்ந்தால் நேரே பள்ளம்தான்.

சோனாய் என்ற பண்டைய இனத்தின் கருவியான சிறகு வேறு ரகம். கருவிகள் தரும் இயந்திரத்தில் சோனாய் சார்ஜ் என்ற ஆற்றல் துண்டைப் போட்டால் சின்ன உருண்டைக்குள் அடைபட்டு வரும், அதுவும் எல்லா இயந்திரத்திலும் அல்ல. வெளியே எடுத்துவிட்டால் திரும்ப உள்ளே வைக்க முடியாது. சரிவில் தள்ளிவிட்டு ஏறி நிற்க வேண்டும். திசை திருப்புவது நம் கால்கள்தான்: முன்னால் நகர்ந்தால் மூக்கு தாழும், பின்னால் போனால் நிமிரும். ஸ்டாமினா துளியும் செலவாகாது. விசிறியும் ஸ்டியரிங்கும் ஒட்டினால் உந்துதலும் கிடைக்கும், ஆனால் பேட்டரி கரையும்.

வம்பு எங்கே என்றால், கொஞ்ச நேரம் பறந்ததும் சிறகு மினுக்க ஆரம்பிக்கும், அப்புறம் மறைந்தே போகும். முதல் முறை நான் அந்த மினுக்கலை ஏதோ அலங்காரம் என்று ரசித்துக்கொண்டிருந்தேன்!

தொலைவான வான்தீவுக்குச் சிறகுதான் என் தேர்வு. அது மறையும் நொடியில் பாராகிளைடரை விரித்தால், முழு ஸ்டாமினாவும் அப்படியே கையில் இருக்கும்.