கடலூரில் எச்.பி.வி. தடுப்பூசி: மகளுக்குக் கிடைத்ததும் தாய்மாருக்குக் கிடைக்காததும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள ஒரு தனியார் குழந்தைநல மருத்துவமனையில், 12 வயதான என் மகளுக்கு கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) தடுப்பூசியின் இரண்டு தவணைகளையும் போட்டு முடித்திருக்கிறோம். ஊசி போட்ட விதத்தில் எனக்கு முழு நிறைவு. ஆனால் அந்தச் சேவை பாதியிலேயே நின்றுவிடுகிறது என்ற வருத்தமும் உண்டு.

முதலில் பாராட்ட வேண்டியது மருத்துவரின் விளக்கம். கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ எல்லாமே மனித பாப்பிலோமா வைரஸின் நீடித்த தொற்றால் வருவது என்பதையும், அவற்றில் சுமார் 70 விழுக்காட்டுக்கு அந்த வைரஸின் 16, 18 ஆகிய இரு வகைகளே காரணம் என்பதையும், உடலுறவின் வழியே பரவும் தொற்று என்பதால் அதற்கு வெகு முன்பே, 9 முதல் 14 வயதுக்குள் போடுவதே சிறந்தது என்பதையும், என் மகளை வெளியே அனுப்பாமல் அவளிடமே, அவளுக்குப் புரியும் சொற்களில் அவர் எடுத்துரைத்தார். "இத்தனை சின்னப் பெண்ணுக்கு இப்போது எதற்கு?" என்று தயங்கிய என் மாமியாருக்கும் அந்த விளக்கத்தை அப்படியே சொன்னேன், அவர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்.

இதற்கான தடுப்பூசிகளில், சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் நான்கு வகை வைரஸ்களிலிருந்தும், கார்டசில் 9 ஒன்பது வகைகளிலிருந்தும் காக்கின்றன. பின்னதன் விலை பல மடங்கு கூடுதல். 16, 18 இரண்டும் செர்வாவாக்கிலேயே அடங்குவதால், தவணைக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய் என்ற விலையில் அதையே தேர்ந்தோம். 15 வயதை எட்டிவிட்டால் இரண்டு தவணை மூன்றாகும் என்பதால், தள்ளிப்போடுவது செலவையும் கூட்டும். ஊசிக்குப் பின் சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரக்கூடும் என்பதால் 15 நிமிடங்கள் உட்கார வைத்துக் கவனித்தார்கள். கைவலி மறுநாளே தணிந்தது.

குறை என்னவென்றால், மகளை அழைத்துவரும் தாயிடம், அவர் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டாரா என்று அங்கு எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. தடுப்பூசி எல்லா வகை வைரஸ்களையும் தடுப்பதில்லை. அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கும் பிற்காலத்தில் பரிசோதனை தேவை, போடாத என் வயதுப் பெண்களுக்கோ அதுவே முக்கியப் பாதுகாப்பு. 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் 70 விழுக்காட்டுப் பெண்களுக்கு உயர்தரப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் இலக்கு வைத்தது. நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு, கருப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையை இலவசமாகவே செய்கிறார்கள். முடிவும் உடனே தெரிந்துவிடும். இதைச் சொல்லும் ஓர் அறிவிப்பையாவது காத்திருப்புக் கூடத்தில் ஒட்டலாமே என்று மருத்துவரிடம் கேட்டேன். செய்வதாகச் சொன்னார், இரண்டாம் தவணைக்குச் சென்றபோதும் காணவில்லை.

செல்பவர்கள் முந்தைய நாளே தொலைபேசியில் மருந்து இருப்பைக் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டாம் தவணைக்கு நினைவூட்டல் எதுவும் வராது. ஆறு மாதம் கழித்து வரும் தேதியைத் தடுப்பூசி அட்டையில் எழுதித் தரும்படி கேட்டுப் பெறுங்கள்.