பழைய நகரம் பார்க்க ஆர்ஹூஸா, ஸ்டாக்ஹோமா?

டென்மார்க், ஸ்வீடன் இரண்டுக்கும் போக நேரமில்லை, ஒரே ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம்தான் பார்க்க முடியும் என்றால், ஆர்ஹூஸில் இருக்கிற டென் கம்லே பூவுக்கே என் ஓட்டு. ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சன் மூத்தது, 1891-லேயே திறந்தது. ஸ்வீடனின் பல பகுதிகளிலிருந்து பெயர்த்து வந்த பண்ணை வீடுகள், மரத் தேவாலயம், போதாததற்குக் கரடி, ஓநாய் எல்லாம் உண்டு. குழந்தைகளோடு போனால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே போங்கள். ஆனால் நகர வாழ்க்கை அங்கே ஒரு மூலைதான். மீதி கிராமமும் மிருகக்காட்சியும், அதுவும் மேடேறி இறங்கி.

டென் கம்லே பூ 1914-இல் திறந்தது, 1597-இல் கட்டிய ஒரு வணிகர் வீட்டைப் பிரித்து வந்து மறுபடி எழுப்பி. முழுக்க நகரம்தான்: 19-ஆம் நூற்றாண்டுத் தெருக்கள், அப்புறம் 1927-இல் இருந்தபடி ஒரு பகுதி, அதைத் தாண்டினால் 1974-இல் இருந்தபடி இன்னொன்று. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதிதான். ராஜா காலத்துச் சாமான் எதுவும் இல்லை, ரேடியோவும் டிவியும் விற்கிற கடை, துருக்கியிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் தங்கிய வீடு என்று நம் அப்பா அம்மா காலமே அருங்காட்சியகத்துக்குள் வந்துவிட்டது (கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது, சரி). தெருவெல்லாம் உருண்டைக்கல் பாவியது, நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள்.