பருவுக்கு 'பேக்கேஜ்' கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மதுரையில் முகப்பருவுக்கு ஸ்கின் அண்ட் ஹேர் சென்டர் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் ஏமாந்த சென்டரின் பெயரைப் போடவில்லை. கேஸ் போடுவோம் என்று ஏற்கனவே மிரட்டிவிட்டார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் நடிகை படம், அந்த ரகம். போனது 32,000 ரூபாய், அம்மாவின் சீட்டுப் பணம்.

தங்கச்சி காலேஜ் முதல் வருஷம். கன்னம் முழுக்கப் பரு. விசேஷ வீடுகளில் "என்னடி மூஞ்சி இப்படி ஆயிருச்சு" என்று கேட்டுக் கேட்டே அவளை வெளியே வராமல் ஆக்கிவிட்டார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைக்கூட இந்த வருஷம் டிவியில்தான் பார்த்தாள்.

அந்த சென்டரில் அவளை ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்து, முகத்தைப் படம் எடுத்து, ஒவ்வொரு குழியும் தெரிகிற மாதிரி பெரிய திரையில் போட்டார்கள். அவள் கண் கலங்கியதும் வெள்ளைக் கோட் போட்ட ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் இப்படித்தான் பாப்பா இருந்துச்சு, இப்பப் பாரு" என்றார். எங்கள் அம்மாவிடம், "நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவங்க மூஞ்சியத்தானம்மா பார்ப்பாங்க." அங்கேதான் நம்பினோம். டாக்டர் என்றே நினைத்தோம். பேக்கேஜ் விற்கிற ஆள் என்று பிறகுதான் தெரிந்தது. பிள்ளையை அழவைத்துவிட்டு அந்த அழுகைக்கு விலை போட்டிருக்கிறார்கள். 32,000 ரூபாய்!

பெயரில்லாத வெள்ளை ட்யூப் ஒன்று கொடுத்தார்கள். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் செக்கச்செவேல் என்று எரிச்சல், முன்பைவிட அதிகப் பரு. போன் செய்தால் "மேடம் லீவு." நேரில் போனால் "வீட்டுச் சாப்பாட்டுல எண்ணெய் ஜாஸ்தி." பணத்தைக் கேட்டால் "பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கு பாருங்க, ரீஃபண்ட் கிடையாது. வேணும்னா ஹேர் பேக்கேஜா மாத்திக்கங்க." முடியைப் பற்றி யார் கேட்டது?

பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டினோம். ஸ்டீராய்டு கலந்த க்ரீமாக இருக்கும் என்றார் டாக்டர். அது சிவப்பை உடனே அமுக்கும், போகப்போகத் தோலை மெலிய வைத்துப் பருவையும் கிளப்பிவிடுமாம். பரு அழுக்கால் வருவதில்லை, ஹார்மோனால் எண்ணெய் அதிகம் சுரந்து துளை அடைபடுகிறது, எந்த மருந்தும் வேலை காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றும் சொன்னார். இதை அந்த சென்டரில் ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும். தங்கச்சி இப்போது "எனக்கு எதுவுமே சரியாகாதுண்ணே" என்கிறாள். 32,000 ரூபாயைவிட இதுதான் வயிற்றெரிச்சல்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. லேபிள் இல்லாத ட்யூபை வாங்காதீர்கள். பார்க்கிறவர் தோல் டாக்டர்தானா என்று கேளுங்கள். "இன்னைக்கு மட்டும் ஆஃபர்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416 டெலி மானஸில் இலவசமாகப் பேசலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் சொல்லியாச்சு. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை. இதே மாதிரி ஏமாந்தவர்கள் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.