சோலார் சுடுதண்ணீரும் சுவரில் ஒரு வெள்ளைக் கோடும்

நண்பர் ஒருவர் கோவை துடியலூர் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். மேல் மாடி கான்கிரீட் முடிந்துவிட்டது. சோலார் வாட்டர் ஹீட்டர் போடலாமா, வாஷிங் மெஷினை எங்கே வைப்பது, வெளிச்சுவருக்கு என்ன பெயிண்ட் என்று மூன்று கேள்விகளை ஒரே மெசேஜில் அனுப்பியிருந்தார். போன மாதம்தான் இந்த மூன்றும் சேர்ந்து என்னைப் படுத்திய ஒரு ரிப்பேர் முடிந்தது. அவருக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன்.

எங்கள் வீடு கீழும் மேலும். 2022 தையில் குடிவந்தோம். மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர், 20 கண்ணாடிக் குழாய் வைத்தது. குடிக்க நல்ல தண்ணீர் தனியாக வருகிறது. குளிக்க, துவைக்க எல்லாம் போரில் வரும் உப்புத் தண்ணீர்தான். அதனால்தான் தகடு வைத்த மாடலை விட்டுவிட்டுக் கண்ணாடிக் குழாய்க்குப் போனோம். தகட்டுக்குள் ஓடும் மெல்லிய செம்புக் குழாயில் உப்பு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அந்த முடிவில் வருத்தமில்லை.

ஹீட்டரைக் குறை சொல்ல முடியாது. 200 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற வேண்டுமென்றால் கரண்டில் சுமார் 8 யூனிட் ஆகும். வெயில் அதைச் சும்மா செய்கிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் பிடித்துக்கொள்ளும் நாட்கள் தவிர, கீசர் சுவிட்சைத் தொட்டதே இல்லை.

காலையில்தான் ஒரு சள்ளை. ஹீட்டர் மாடியின் தெற்கு மூலையில் இருக்கிறது. கீழ் பாத்ரூம் வடமேற்கில். நடுவில் 20 மீட்டருக்கு மேல் முக்கால் இஞ்ச் சிபிவிசி குழாய், சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக். அதற்குள் இரவெல்லாம் கிடந்து ஆறிப்போனதே 5 லிட்டருக்கு மேல். ஆறின குழாயும் தன் பங்குச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கை வைத்துப் பார்த்துப் பார்த்து, அரை பக்கெட் போன பிறகுதான் வெதுவெதுப்பு வரும். அந்த அரை பக்கெட்டை எடுத்துப் போய் அம்மா கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறார். செடி செழிப்பாக இருக்கிறது. பிளான் போடும்போதே பாத்ரூம்களை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, ஹீட்டரை நேர் மேலே வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பிளம்பிங் லைன் போவதற்குள் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாஷிங் மெஷினில்தான் ஏழரை ஆரம்பித்தது.

துணியை மொட்டை மாடிக் கொடிக்குக் கொண்டுபோக வசதி என்று மெஷினை மேல் மாடியில் வைத்தேன். முன்பக்கம் கதவு வைத்த மெஷின். வந்த முதல் வாரமே தண்ணீர் வரவில்லை என்று கூவ ஆரம்பித்தது. குழாயில் தண்ணீர் வருகிறது, ஆனால் மெஷினுக்கு அந்த வேகம் போதவில்லை. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம். டேங்குக்கும் மெஷினுக்கும் இடையே எங்கள் வீட்டில் 3 மீட்டர்தான். மெஷின் புத்தகமோ குறைந்தது அரை பார் கேட்கிறது. ஒரு மாடி கீழே இறக்கியிருந்தால் காசில்லாமல் அந்த அழுத்தம் கிடைத்திருக்கும். எனக்கு அது தோன்றவில்லை. செங்கல் தூண் கட்டி டேங்கை ஆறடி உயர்த்தினேன்.

டேங்க் உயர்ந்தால் ஹீட்டரின் ஏர் வென்ட் குழாயும் (காற்றும் ஆவியும் போக வாய் திறந்தே இருக்கும் குழாய்) உயர வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அது வழியே கொட்டிவிடும். பிளம்பர் உயர்த்தினார்தான், டேங்கின் தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஒரே ஒரு சாண். கூடவே, சுடுதண்ணீர் டேங்குக்குத் திரும்பக் கூடாது என்று பச்சைத் தண்ணீர் லைனில் ஒரு என்ஆர்வி வால்வையும் மாட்டிவிட்டுப் போனார். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு அது.

அடுத்த வருடம் வாசல் பக்கச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு. எலிவேஷனுக்கு, அதாவது வீட்டு முகப்புக்கு, அடர் சாம்பல் நிறம் அடித்திருக்கிறோம், கோடு கேட்டிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. பெயிண்டர் பார்த்துவிட்டு, "சுவத்துல ஈரம் இருக்குதுங்க, உப்பு பூக்குது. பூச்சு காயறதுக்குள்ள அடிச்சுட்டீங்க" என்றார். கொத்தனாரைக் கேட்டால் பெயிண்டைக் குறை சொன்னார். சாரம் கட்டி, சுரண்டி, பிரைமர் போட்டு இரண்டு கோட் அடித்தோம். ஆறே மாதம். அதே இடம், அதே கோடு. மறுபடியும் சாரம், மறுபடியும் செலவு.

போன சித்திரையில் ஒரு நாள் மதியம் இரண்டு மணி இருக்கும், வடகம் எடுக்க மாடிக்குப் போனேன். வென்ட் குழாயின் வாயில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாய். விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்தது. எட்டித் தொட்டால் சுடுகிறது. குழாய் வாயைச் சுற்றி மெழுகு வழிந்தது மாதிரி வெள்ளையாக உப்பு படிந்திருந்தது.

அப்போதுதான் விளங்கியது. சூடாகும்போது தண்ணீர் விரியும். 200 லிட்டர் தண்ணீர் 25லிருந்து 65 டிகிரிக்குப் போனால் சுமார் 3 லிட்டர் கூடும். வால்வு இருப்பதால் அது டேங்குக்குத் திரும்ப முடியாது, ஒரு சாண் குழாயில் நிற்க இடமும் இல்லை. தினமும் சுவரில்தான் இறங்கியிருக்கிறது. சுவருக்குள்ளிருந்து ஒன்றும் பூக்கவில்லை. பெயிண்டருக்கு இரண்டு முறை காசு கொடுத்துவிட்டு இதைக் கண்டுபிடித்தேன்.

போன மாதம் வேறு பிளம்பர் வந்தார். வால்வைக் கழற்றிவிட்டு, பச்சைத் தண்ணீர் குழாயை ஒரு முழம் கீழே இறக்கி வளைத்துக் கொடுத்தார். அந்த வளைவைத் தாண்டிச் சூடு மேலே ஏறாதாம். வென்ட்டை மூன்றடி உயர்த்தி வாயை மாடிப் பக்கம் திருப்பினார். ஒன்றரை மணி நேர வேலை. கோடு மட்டும் இன்னும் இருக்கிறது. வினிகர் வைத்துத் தேய்த்தால் உப்பு கரைகிறது, கூடவே அந்த இடத்துப் பெயிண்டும் வெளுக்கிறது.

இதில் எனக்கு முழுத் திருப்தி தந்தது என்னவென்றால், பின்கட்டில் அம்மா பிடிவாதமாகப் போடச் சொன்ன துவைக்கிற கல். "மெஷின் இருந்தா இருந்துட்டுப் போகட்டும் கண்ணு, கல்லு ஒண்ணு வேணும்" என்றார். பையனின் சாக்ஸ், மிதியடி, சமையலறைத் துணி எல்லாம் அங்கேதான். அழுத்தமும் கேட்பதில்லை, கூவுவதும் இல்லை.

சரி, உங்கள் கேள்விகள். மெஷின் கீழே. வெளிச்சுவருக்கு வெள்ளை அடியுங்கள், எங்கள் சாம்பல் நிறத்தைக் கேட்காதீர்கள். சோலார்? மேலே அவ்வளவு புகழ்ந்தேன், 8 யூனிட் கணக்கெல்லாம் சொன்னேன். இருந்தாலும் இப்போது போடாதீர்கள் என்றுதான் சொல்ல வருகிறது, பாத்ரூமுக்கு ஒரு சின்ன கீசர் போதும். இதைத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். மார்கழியில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.