ரோச்சுக்கு எது, மணிக்கூட்டுக்கு எது?

1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு யாழ்ப்பாணத்தில் பற்றரி என்பது காணக்கிடைக்காத சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டவர்களில் அம்மாவும் ஒருவர். தீர்ந்த பற்றரியை எறிய அவவுக்கு இன்னும் மனம் வராது. போன மாதம் அவவின் அலுமாரியில் கிடந்த சின்ன ரோச்சைத் திறந்தேன். பற்றரி கசிந்து, சுருள்கம்பி முழுக்கப் பச்சை பூத்து இறுகிக் கிடந்தது.

அது விலை மலிந்த நாக-காபன் (நாகம் என்றால் துத்தநாகம்) வகை. அதன் கூடே நாகத் தகடுதான். கரண்ட் எடுக்க எடுக்கக் கூடு கரைந்து ஓட்டை விழும். ரோச், பிரஷர் பார்க்கும் கருவி, பிள்ளைகளின் விளையாட்டுக் கார் போன்றவற்றில் அதைவிட விலை கூடிய அல்கலைன் வகைக்குக் கிட்டவும் நின்று பிடிக்காது. நாக-காபன், அல்கலைன், சார்ஜ் பண்ணும் நிக்கல் ஆகிய மூன்றிலும் உண்மையில் விலை கூடியது இந்த நாக-காபன்தான் என்பேன்.

சார்ஜ் பண்ணும் நிக்கல் பற்றரி அல்கலைனைப்போல நாலு மடங்கு விலை என்று வையுங்கள். ஐந்தாம் தரம் ஏற்றும்போதே அந்தக் காசு திரும்பிவிடும், சார்ஜர் காசுக்கு இன்னும் கொஞ்ச நாள். கரண்ட் பில்லுக்குப் பயப்படத் தேவையில்லை: 2000 மில்லி அம்பியர் மணிப் பற்றரி ஒன்றில் நிற்பது 2.4 வாற்று மணி. வீணாவதோடு ஐந்து என்றாலும் ஒரு யூனிற்றில் (1000 வாற்று மணி) 200 தரம் ஏற்றலாம். சார்ஜர் மட்டும் நிரம்பியதும் தானாக நிற்பதாக இருக்கட்டும். இரவிரவாகச் சூடேறினால் பற்றரி சீக்கிரம் செத்துவிடும்.

சுவர் மணிக்கூட்டுக்கும் றிமோட்டுக்கும் அல்கலைனே போதும். வருசத்துக்கு ஒருதரம் ஏற்றுகிற பற்றரி பத்துத் தரம் ஏற்றமுன்பே முதுமையில் போய்விடும். அதற்காகத் தோண்டி உருக்கிய நிக்கல் வீண்.

அல்கலைனில் பாதரசம் சேர்ப்பது 1990களிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. அதற்காகத் தீர்ந்த பற்றரியைக் குப்பைக் கிடங்கில் போடலாம் என்றில்லை. குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் தண்ணீர், அந்தக் கல்லோ வெடிப்பும் துளையுமானது. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து சனம் தண்ணீருக்கு அலைந்ததைப் பார்த்தோமே. எங்கள் வளவில் குப்பைக் கிடங்குக்கும் கிணற்றுக்கும் இருபது அடிகூட இல்லை.

ரோச்சுக்கு இரண்டு சார்ஜ் பற்றரி வாங்கிப் போட்டுவிட்டேன். கசிந்தவை மூடி இறுக்கிய போத்தலுக்குள் இருக்கின்றன.