ஏரிப் படிவின் வயது காண எதை நம்பலாம்: கார்பனா, ஒளிர்வா, எரிமலைச் சாம்பலா?

ஏரியின் அடியில் குழாய் இறக்கி எடுத்த மண் உருளையை நீளவாக்கில் பிளந்து வைத்திருந்தோம். கறுத்த சேற்றுக்கு நடுவே விரல் தடிமனில் வெளிறிய கோடு ஒன்று ஓடியது. தொட்டால் களிமண் போல வழுக்கவில்லை, நறநறத்தது. நுண்ணோக்கியில் வைத்ததும் சந்தேகம் தீர்ந்தது: உடைந்த கண்ணாடிச் சில்லுகள், சிலவற்றில் குமிழியின் சுவராக இருந்ததன் வளைவு அப்படியே தெரிந்தது. எரிமலைச் சாம்பல்தான்.

மகிழ்ச்சியோடு ஒரு நெருக்கடியும் வந்தது. இருந்த பணத்துக்கு ஒரு முறையைத்தான் முழுமையாகச் செய்ய முடியும். ரேடியோ கார்பன், ஒளிர்வு, சாம்பல் என்று மூன்று வழிகள். நான் பெரும்பகுதியைச் சாம்பலில் போட்டேன். அதனால் இந்த அலசல் சாம்பலின் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கார்பனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோகும் காலம், 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்க எதுவும் மிஞ்சாது. அதற்குள் அடங்கும் படிவில் நிலத்தாவரத்தின் இலையோ விதையோ கிடைத்தால் யோசிக்காமல் கார்பனுக்கே போகலாம். ஏரியில் வளர்ந்த பாசியையோ சேற்றையோ மொத்தமாகக் கொடுத்தால் மட்டும் கவனம் வேண்டும். சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்து வரும் பழைய கார்பனை நீர்த்தாவரங்கள் எடுத்துக்கொள்வதால் வயது கூடித் தெரியும். என் உருளையின் கீழ்ப்பாதி 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் என்பது முன்பே ஓரளவு தெரிந்திருந்தது. எனவே கார்பன் அங்கேயே விலகிவிட்டது.

உண்மையான போட்டி ஒளிர்வு முறையோடுதான். மண்ணில் புதைந்த குவார்ட்ஸ் மணல், சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சை வாங்கி வாங்கிச் சேமிக்கிறது. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு காலியாகிவிடும். ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சி, சேர்ந்த கதிர்வீச்சு எவ்வளவு என்று அளந்து, ஆண்டுக்கு எவ்வளவு சேரும் என்பதால் வகுத்தால், கடைசியாக வெயில் கண்டு எத்தனை ஆண்டுகள் என்று வந்துவிடும். எரிமலை அருகில் இருக்க வேண்டியதில்லை, உயிர்ப்பொருளும் வேண்டியதில்லை. மணல் புதைந்த நிகழ்வையே நேரடியாகத் தேதியிடுகிறது. இது பெரிய பலம்.

பலவீனங்களும் உண்டு. கலங்கிய நீரில் வந்த மணல் முழுதாக வெயில் கண்டிருக்காது, பழைய சேமிப்பு மிச்சமிருந்து வயதைக் கூட்டிக் காட்டும். மண்ணிலுள்ள ஈரம் கதிர்வீச்சில் ஒரு பங்கை விழுங்கும். பல்லாயிரம் ஆண்டுகளின் சராசரி ஈரம் இவ்வளவு என்று நாமாக ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும், அதில் ஒரு சதவீதம் மாறினால் வயதும் ஏறக்குறைய ஒரு சதவீதம் மாறும். குவார்ட்ஸின் கொள்ளளவும் நிரம்பிவிடும், பெரும்பாலான இடங்களில் ஒரு லட்சம் ஆண்டுகளை ஒட்டியே. எல்லாம் கூடிப் பிழை 5 முதல் 10 சதவீதம் வரை நிற்கும். ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமத்தை வைத்து இன்னும் பின்னோக்கிப் போகிறார்கள். அதில் எனக்கு அனுபவம் இல்லை. ஒளிர்வு ஆய்வகத்தில் மாதிரி கொடுத்து முடிவு வாங்கியிருக்கிறேனே தவிர, இருட்டறையில் உட்கார்ந்து வேலை செய்ததில்லை. அந்த வேலையில் ஊறியவர்கள் இந்தப் பத்தியைத் திருத்தக்கூடும்.

இனி சாம்பல். வெடித்த சாம்பல் சில நாட்களிலோ வாரங்களிலோ படிந்துவிடுகிறது. ஏரி, கடலடி, பனிப்பாளம், குகை என்று எங்கே விழுந்தாலும் ஒரே வெடிப்பின் அடுக்கு ஒரே கணத்தின் கோடு. ஐஸ்லாந்தின் சிகுர்துர் தோரரின்சன் 1944இல், எரிமலை உமிழ்ந்து விழும் துகள்களைக் குறிக்க டெஃப்ரா என்ற சொல்லை அறிவியலுக்குக் கொண்டுவந்து, சாம்பல் அடுக்குகளால் காலம் காணும் இந்தத் துறைக்கும் பெயர் சூட்டினார்.

வயது காண இரண்டு பாதைகள். சாம்பலில் சானிடின் போன்ற பொட்டாசியப் படிகங்கள் இருந்தால் பொட்டாசியம் சிதைந்து ஆர்கான் வாயுவாவதை அளக்கும் ஆர்கான்-ஆர்கான் முறையில் நேரடியாகத் தேதியிடலாம், பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே போகும். ஆனால் கனமான படிகங்கள் எரிமலைக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடும். தொலைவுக்கு வந்து சேர்வது நுண்ணிய கண்ணாடி மட்டும். எனக்கும் அதுதான் கிடைத்தது. அப்போது இரண்டாம் பாதை: சில்லுகளைப் பிசினில் பதித்து, மெருகேற்றி, எலக்ட்ரான் மைக்ரோப்ரோபில் ஒவ்வொன்றாக வேதிச் சேர்மானம் அளப்பது. எலக்ட்ரான் கற்றை பட்டால் சோடியம் நகர்ந்துவிடும், அதனால் கற்றையை அகலமாக்கி, மின்னோட்டத்தைக் குறைத்து, சோடியத்தை முதலில் அளக்க வேண்டும். கிடைத்த கைரேகையை வயது தெரிந்த வெடிப்புகளோடு ஒப்பிட்டால் எந்த வெடிப்பு என்று தெரியும். அதன் வயதே நம் அடுக்கின் வயது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது துல்லியம் அல்ல. அந்தத் தேதி பத்து, இருபது ஆண்டுகள் கழித்து என்ன ஆகும் என்ற கேள்விதான். ஒளிர்வில் வந்த எண் அந்த ஒரு மாதிரிக்கு, அந்த ஈரக் கணிப்புக்குக் கட்டுப்பட்டது. மூலத் தரவு இருந்தால் திரும்பக் கணக்கிடலாம், அதற்கு மேல் வளராது. சாம்பல் அப்படியில்லை. “இது இன்ன வெடிப்பு” என்று ஒருமுறை உறுதியாகிவிட்டால், உலகில் யார் எங்கே அந்த வெடிப்பை நன்றாகத் தேதியிட்டாலும் நம் அடுக்குக்கும் அது வந்து சேரும்.

லாகர் ஸே எரிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பனியுகத்தின் இறுதியில் வெடித்தது, அதன் சாம்பல் ஐரோப்பாவின் பல ஏரிகளில் கிடக்கிறது. வெடிப்பில் புதைந்த மரங்களின் வளையங்களைக் கார்பனால் அளந்து, 2021இல் அதன் வயதை 13,006 ஆண்டுகள் என்று திருத்தினார்கள். முந்தைய கணிப்பைவிடச் சுமார் 130 ஆண்டுகள் கூடுதல். அந்தச் சாம்பலைக் கோடாக வைத்த ஏரிகளின் காலவரிசை எல்லாம் ஒரு துளை கூடப் போடாமல் நகர்ந்தது.

எத்தியோப்பியாவின் ஓமோ கிபிஷில் 1967இல் கிடைத்த மனித எலும்புகளின் கதை இன்னும் வலுவானது. நெடுநாள் அவற்றின் வயது சுமார் 1,95,000 ஆண்டுகள் என்று இருந்தது. எலும்புகளுக்கு மேலே ஒரு தடித்த சாம்பல் அடுக்கு உண்டு. நேரடியாகத் தேதியிட முடியாத அளவு நுண்ணியது. 2022இல் அதன் வேதிக் கைரேகையை ஷாலா எரிமலையின் ஒரு பெருவெடிப்போடு பொருத்தினார்கள். அந்த வெடிப்பின் வயது சுமார் 2,33,000 ஆண்டுகள், பிழை 22,000. கீழே கிடந்த எலும்புகள் அதைவிடப் பழையவை என்றாயிற்று. எலும்பை யாரும் தொடவே இல்லை.

கார்பனுக்கும் இப்படி ஒரு வளர்ச்சி உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கார்பன் அளவை உண்மையான ஆண்டாக மாற்றித் தரும் அளவுத்திருத்த வளைவு புதுப்பிக்கப்படும்போது பழைய முடிவுகளை மறுபடி ஓட்டலாம். ஆனால் மாதிரியிலேயே பழைய கார்பன் கலந்திருந்தால் எந்த வளைவும் அதைச் சரிசெய்யாது.

இதே குணம் சாம்பலின் ஆபத்தும்கூட. அடையாளம் தவறினால் தவறும் அதே துல்லியத்தோடு வந்து உட்காரும். மகாராஷ்டிராவின் போரியில் கற்கருவிகளோடு கிடைத்த சாம்பலைச் சுமத்ராவின் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் உமிழ்ந்தது என்று ஒரு தரப்பும், பல லட்சம் ஆண்டுகள் பழையது என்று இன்னொரு தரப்பும் வாதிட்டன. டோபா முன்பும் பெரிதாக வெடித்த எரிமலை, அதன் வெடிப்புகள் அதிக அளவில் உள்ள முதன்மைத் தனிமங்களில் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். கென்யாவின் துர்கானா ஏரிக்கரையில் உள்ள சாம்பல் அடுக்கு ஒன்றுக்கு முதலில் 26 லட்சம் ஆண்டுகள் என்று முடிவு வந்தது. பழைய படிகங்கள் கலந்திருந்ததுதான் காரணம். பன்றிப் புதைபடிவங்கள் அந்த வயதோடு ஒத்துப்போகவில்லை. பத்தாண்டுச் சர்ச்சைக்குப் பிறகு சுமார் 19 லட்சத்தில் வந்து நின்றது.

எனக்கும் ஒரே எரிமலையின் இரண்டு வெடிப்புகள் பொருந்தின. சிலிக்கா, பொட்டாசியம், இரும்பு எதுவும் பிரித்துக் காட்டவில்லை. மிகச் சிறிய அளவில் மட்டுமே இருக்கும் தனிமங்களை லேசர் வைத்து அளந்தபோதுதான் பிரிந்தன. அங்கேதான் ஒளிர்வும் கைகொடுத்தது. இரண்டு வெடிப்புகளுக்கும் நடுவே லட்சக்கணக்கான ஆண்டுகள் இருந்தால் 10 சதவீதப் பிழை ஒரு பொருட்டே அல்ல. பிளந்த உருளை வெளிச்சம் கண்டுவிட்டதால், திறக்காமல் வைத்திருந்த இரண்டாவது குழாயைச் சிவப்பு விளக்கில் திறந்து சாம்பலுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு மாதிரி எடுத்தோம். இரண்டுமே இளைய வெடிப்பின் பக்கம் நின்றன.

சாம்பலைத் தேர்ந்தெடுப்பவர்கள் அடுக்கின் அடித்தொடுகையை, அதாவது அது கீழ் மண்ணைத் தொடும் கோட்டை, முதலில் பாருங்கள். கத்தியால் கீறியது போல இருந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. மங்கலாக, மண்ணோடு கலந்து இருந்தால் கரையிலிருந்து பின்னால் அடித்து வந்ததாக இருக்கலாம். அளவீட்டோடு தரக்கண்ணாடியின் (சேர்மானம் முன்பே தெரிந்த ஒப்பீட்டுக் கண்ணாடியின்) எண்களையும் சேர்த்து வெளியிடுங்கள், அது இல்லாமல் இன்னொருவர் ஒப்பிட முடியாது. சில்லுகளைப் பதித்த பிசின் வில்லையைத் தூக்கிப் போடாதீர்கள்.

என் உருளையில் அந்த வெளிறிய கோட்டுக்கு ஒன்றரை மீட்டர் கீழே, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சாம்பல் இருக்கிறது. சலித்து, கனத் திரவத்தில் மிதக்கவிட்டுப் பிரித்ததில் முப்பது சில்லுகள் கூடத் தேறவில்லை. கைரேகை எடுத்தாயிற்று. எந்த வெடிப்போடும் இதுவரை பொருந்தவில்லை. எண்களைப் பட்டியலில் சேர்த்து, வில்லையில் பெயருக்குப் பதில் ஆழத்தை எழுதி வைத்திருக்கிறேன்.