3000 லீற்றர் என்று வாங்கிய பம்ப், ஸ்டிக்கருக்கு அடியில் 1500

ஹட்டனில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறேன் என்றாலே சிரிக்கிறார்கள். கடல் எங்கே, நாம் எங்கே! கொழும்பில் தொட்டி வைத்திருப்பவர் தண்ணீர் சூடாகிறதே என்று சில்லர் தேடுவார். எங்களுக்கு ஜனவரி விடியற்காலையில் ஹீட்டர் நின்றால் கதை முடிந்தது. இந்தக் குளிர்தான் கடைசியில் என் பம்ப்பின் வண்டவாளத்தை வெளியே கொண்டுவந்தது.

தொட்டி மூன்றடி நீளம், 180 லீற்றர். ஒரு சோடி கோமாளி மீன், மூன்று இறால், நத்தைகள், நாலைந்து காளான் பவளம். கீழே அலமாரிக்குள் சம்ப், அதாவது இன்னொரு சின்னத் தொட்டி. மேலே வழியும் தண்ணீர் குழாய் வழியாக சம்ப்புக்கு இறங்கும், அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும் ஹீட்டரும் அங்கேதான். சுத்தமாகி, சூடாகி நிற்கும் தண்ணீரைத் திரும்ப மேலே தள்ளுவது ரிட்டர்ன் பம்ப். மணிக்குத் தொட்டியின் ஐந்து மடங்கு, அதாவது 900 லீற்றர் மேலே போனால் எனக்குப் போதும்.

பழைய பம்ப் சத்தம் போடத் தொடங்கியதும் கொழும்பில் ஒரு கடைக்குக் கோல் எடுத்தேன். பேசிய பையன் நல்ல மரியாதை. "அண்ணா, இது மெரைனுக்குன்னே செஞ்சது. மணிக்கு மூவாயிரம் லீற்றர், மூணு மீற்றர் ஏறும். கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்றான். நானும் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு 16,500 ரூபாவைப் போட்டுவிட்டேன். கூரியரில் வந்தது. நீல ஸ்டிக்கர், தங்க எழுத்தில் 'கடல் நீருக்கு', 3000 லீற்றர், 45 வொட்.

மாட்டிய அன்றே சந்தேகம்தான். தண்ணீர் ஏதோ வேண்டாவெறுப்பாக வந்தது. சம்ப்பின் தண்ணீர் மட்டத்திலிருந்து தொட்டி விளிம்பு வரை என் வீட்டில் 1.3 மீற்றர். மேலே வரும் குழாயின் வாயில் 10 லீற்றர் வாளியைப் பிடித்து, போனில் நேரம் பார்த்தேன். நிரம்ப 57 செக்கன். கணக்குப் போட்டால் மணிக்கு 630 லீற்றர்.

இங்கே என் அறியாமையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மீற்றர் என்றால் அந்த உயரத்திலும் நிறையத் தண்ணீர் வரும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அந்த உயரத்தோடு தண்ணீர் நின்றுபோகும் என்றுதான் அதற்கு அர்த்தம். பெட்டியில் போட்டிருக்கும் 3000 லீற்றர், உயரமே இல்லாமல் ஓடும்போது வருவது. உயர உயரக் குறையும், குழாய் வளையும் ஒவ்வொரு எல்போவும் கொஞ்சம் தின்னும், குழாயைச் சிறிதாக்கினால் இன்னும் போகும். அப்படிப் பார்த்தாலும் பாதி உயரம்கூட இல்லாத இடத்தில் ஏறக்குறைய பாதித் தண்ணீராவது வரவேண்டாமா? ஐந்தில் ஒரு பங்கு வந்தால் கணக்கு எங்கோ உதைக்கிறது.

திரும்பக் கோல் எடுத்தேன். அவன் சொன்ன பதிலை இன்னும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறோம். "அண்ணா, உங்க ஊரு ஒசரம்தானே, நாலாயிரம் அடிக்கு மேல. அதனாலதான் தண்ணி ஏறல." ஹட்டன் உயரம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நான் கொழும்பிலிருந்தா தண்ணீர் ஏற்றுகிறேன்? பம்ப்புக்குத் தெரிந்த உயரம் சம்ப்பிலிருந்து தொட்டி வரைக்கும்தான். அன்றைக்கே கழற்றித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். பழைய பம்ப்பையும் தூக்கிக் கொடுத்தாயிற்று, சரி, ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டேன்.

ஏழாவது வாரம். இரவு எட்டு மணிக்குத் தீனி போடும்போது எல்லாம் சரியாக இருந்தது. காலையில் ஆறு மணிக்கு எழுந்து வந்தால் வீடு வழக்கத்துக்கு மாறான அமைதி. பம்ப் இறுகிப்போய் நின்றிருந்தது. ஹீட்டர் மட்டும் சம்ப்புக்குள் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்திருக்கிறது. கீழே 26 பாகை, மேலே 20. சூடெல்லாம் கீழே, மீனெல்லாம் மேலே. இரண்டு இறால் செத்துக் கிடந்தன. பெண் கோமாளி மீன் மணலில் பக்கவாட்டில் சாய்ந்து செவுளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. சம்ப் தண்ணீரைக் கப்பால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஊற்றி, பிள்ளையைப் பார்க்கிறமாதிரி பார்த்து, மத்தியானத்துக்குள்தான் அது நீந்தத் தொடங்கியது. மலைநாட்டில் சம்ப் வைத்திருப்பவர்கள் இதை யோசியுங்கள்: ஹீட்டர் கீழே மட்டும் இருந்தால் பம்ப் நின்ற இரவே தொட்டி குளிர்ந்துவிடும். இப்போது சின்ன ஹீட்டர் ஒன்றை மேலேயும் போட்டிருக்கிறேன்.

மச்சான் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். அன்று பின்னேரம் வந்து மேசையில் பழைய பேப்பரை விரித்துப் பம்ப்பைப் பிரித்தார். தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரை இழுத்ததும் பேப்பர் முழுக்கத் துருத் தண்ணீர். உள்ளே அது சுழலும் அச்சு, அந்த ஷாஃப்ட், இரும்பு! கடல் நீருக்கான பம்ப்பில் அது செராமிக்காக இருக்கும், பார்த்தாலே தெரியும், பீங்கான் போல வெள்ளை. உப்புத் தண்ணீரில் இரும்பு ஏழு வாரம் தாங்கியதே பெரிது. துருவைத் தேய்த்துவிட்டு, நல்ல தண்ணீர் வாளியில் போட்டு, வொட் மீற்றரில் செருகினார். 22 காட்டியது. "நாப்பத்தஞ்சு வொட்டுன்னு எழுதியிருக்கு, பாதிகூட இழுக்கல. அப்புறம் எப்படி மாப்பிள்ள மூவாயிரம் வரும்?" உயரமே இல்லாமல் பிடித்துப் பார்த்தோம். பத்து லீற்றருக்கு 25 செக்கன், மணிக்கு 1440.

அப்புறம்தான் அவர் நீல ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். ஈரத்தில் ஊறியிருந்ததால் அப்படியே தோல் போல உரிந்து வந்தது. அடியில் இன்னொரு ஸ்டிக்கர், சாம்பல் நிறம். 1500 லீற்றர், 2.2 மீற்றர், 22 வொட். ஓரத்தில் நீரூற்றுப் படம். ஹோட்டல் தோட்டங்களில் தண்ணீர் பீச்சுமே, அந்தப் பம்ப்.

படம் எடுத்து அனுப்பினேன். கடைசியாக வந்த பதில்: "வொரண்டி உப்புத் தண்ணிக்கு இல்லண்ணா." கடல் நீருக்கு என்று தங்க எழுத்தில் போட்ட பம்ப்புக்கு! அதோடு என் இலக்கத்தை பிளொக் செய்துவிட்டார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு முறையிடலாம் என்று பில்லைத் தேடி எடுத்தால், அதில் கையெழுத்தில் 'பம்ப் 1' என்று மட்டும். மாடல் இல்லை, லீற்றர் இல்லை, கடல் நீர் என்ற பேச்சே இல்லை. நான் வாங்கியது இதுதான் என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

புதிய பம்ப்பை கண்டியில் நேரில் போய் வாங்கினேன். டீசி பம்ப், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பெட்டியில் எத்தனை மீற்றருக்கு எத்தனை லீற்றர் என்ற வளைகோடு அச்சடித்திருந்தது. கடைக்காரரிடம் இம்பெல்லரைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் காட்டினார், வெள்ளை ஷாஃப்ட். வொட் மீற்றரையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். மாடலையும் லீற்றரையும் பில்லில் எழுத வைத்தேன். வீட்டில் வாளி 28 செக்கனில் நிரம்பியது, ஏறக்குறைய 1285. கொஞ்சம் குறைத்துத்தான் ஓடவிட்டிருக்கிறேன். மாட்டியதும் வேண்டுமென்றே சுவிட்சை அணைத்து, மேலிருந்து திரும்பி வரும் தண்ணீரை சம்ப் தாங்குகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். எங்கள் பக்கம் காற்றுக் காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது புதிதில்லையே.

நீலத்தில் தங்க எழுத்து ஸ்டிக்கரோடு பம்ப் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டுப் பம்ப்பை வெளியே எடுத்து, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை சுரண்டுங்கள். அடியில் என்ன இருந்தது என்று கீழே எழுதுங்கள், படத்தோடு.